ஒரு டிஸ்க் போதாது

(நம் முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில் கல்லூரி ஆடிட்டோரியத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போன கணக்குகளை இங்கே கொஞ்சம் விரித்திருக்கிறேன்.)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "தன்னம்பிக்கை பத்தி வேண்டாம்பா. அதைப் போன தடவையே மூணு பேர் பேசிட்டாங்க. வீட்டுக்குப் போய் உபயோகப்படற மாதிரி ஏதாவது சொல்லு" என்றார். அதனால் ஹார்ட் டிஸ்க் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். நான் மெக்கானிக்கல் படித்தவன். ஆலையில் பம்ப், பேரிங், கியர் பாக்ஸ் பராமரிப்பதுதான் வேலை. ஆனாலும் மாதம் இரண்டு பேராவது எனக்குப் போன் செய்து, "மாப்ள, பையனுக்குப் புதுசா கம்ப்யூட்டர் வாங்கறேன். நம்பி வாங்கற மாதிரி ஒரு ஹார்ட் டிஸ்க் சொல்லேன்" என்று கேட்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் சூடுபட்ட பூனை என்பது நண்பர்களுக்குத் தெரியும்.

அந்தச் சூட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010-ல் முதல் சம்பளம் வந்ததும் 500 ஜி.பி. டிஸ்க் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் "சார், இதுக்கு மேல நல்ல கம்பெனி கிடையாது" என்றார். கல்லூரியில் எடுத்த படங்கள், பட்டமளிப்பு விழா, வீட்டு விசேஷங்கள் எல்லாம் அதற்குள் போயின. 2013-ல் என் அப்பா காலமானார். அவர் பேசிச் சிரிக்கிற வீடியோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பட்டமளிப்பு விழா அன்று இதே கல்லூரி மெஸ்ஸில் எடுத்தது. நாலு நிமிடம். அதுவும் அந்த டிஸ்க்கில்தான்.

2014-ல் ஒரு நாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்று சத்தம். அப்போதே அணைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். தட்டிப் பார்த்தேன். யாரோ சொன்னார்கள் என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து எடுத்தேன். இரண்டு நாள் இந்தக் கூத்து. மூன்றாம் நாள் டேட்டா ரெகவரி செய்கிறவர்களிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, "தட்டு முழுக்கக் கீறல் சார். முதல் சத்தத்திலேயே நிறுத்தியிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார்கள். பேரிங்கில் சத்தம் வந்தால் மெஷினை நிறுத்து என்று ஆலையில் தினமும் சொல்கிறவன் நான். வீட்டில் அந்தப் புத்தி வரவில்லை.

அந்தச் சத்தம் ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஹார்ட் டிஸ்க்குக்குள்ளே பளபளவென்று தட்டுகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று. பெரிய டிரைவில் 7,200 சுற்றுக்குத் தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதன் மேலே ஹெட் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். நம் பட்டறையில் எந்த லேத்திலும் இப்படி ஒரு கிளியரன்ஸை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் வருவதுதான் 'டிக், டிக்'. அப்போது மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால், ஹெட் தட்டில் கோடு கிழிக்கும். அந்தக் கோட்டில்தான் உங்கள் கல்யாண ஆல்பம் இருக்கும்.

1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் டிஸ்க், ராமேக் கம்ப்யூட்டரோடு வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் எடை, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைக்குச் செல்போனில் எடுக்கும் ஒரு படம் அதில் அடங்கினால் அதிர்ஷ்டம். அந்த ஒரு டன் சமாசாரத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கையளவு ஆக்கிவிட்டார்கள். ஆனால் சுற்றுகிற எதுவும் ஒரு நாள் நிற்கும் என்ற விதியை மட்டும் யாராலும் சுருக்க முடியவில்லை.

சரி, எந்தக் கம்பெனி நல்லது? இதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. இன்று ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மற்றவர்களெல்லாம் இவர்களுக்குள் ஐக்கியமாகிவிட்டார்கள். மேக்ஸ்டரை 2006-ல் சீகேட் வாங்கியது. ஐ.பி.எம்-மின் டிஸ்க் தொழில் ஹிட்டாச்சிக்குப் போய், அங்கிருந்து 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் வந்தது.

மூன்று பேரிலும் நல்ல பிள்ளையும் உண்டு, தறுதலையும் உண்டு. ஐ.பி.எம். போன்ற பெரிய பெயர் 2000-ல் வெளியிட்ட டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி வரிசை அவ்வளவு பழுதாகி, 'டெத்ஸ்டார்' என்று பட்டப்பெயர் வாங்கி, அமெரிக்கக் கோர்ட் வரை போனது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டுகிறது; எந்த மாடல் எத்தனை செத்தது என்ற கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. அதில் சீகேட்டின் ஒரு 3 டி.பி. மாடல் மிக மோசமாகப் பேர் வாங்கியது. அதே சீகேட்டின் வேறு மாடல்கள் நன்றாகவே ஓடின. ஆகவே கம்பெனியைப் பார்த்து வாங்குவது, இனிஷியலைப் பார்த்து மாப்பிள்ளை எடுக்கிற மாதிரி. மாடலைப் பாருங்கள். அந்தப் பட்டியலை ஒரு தடவை புரட்டிவிட்டு, அடிமட்டத்தில் இருப்பதைத் தவிருங்கள்.

அடுத்தது, விவரத்தாளில் எம்.டி.பி.எஃப். 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். வருடத்துக்கு 8,760 மணி. வகுத்தால் 114 வருடம்! "ஆஹா, பேரன் காலம் வரைக்கும் வரும்" என்று நினைக்கத் தோன்றும். ரிலையபிலிட்டி வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தெரியும். ஆயிரம் வாலிபர்களில் வருடத்துக்கு ஒருவர் இறக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அதே கணக்கில் வாலிபனின் எம்.டி.பி.எஃப். ஆயிரம் வருடம். அதனால் யாரும் ஆயிரம் வருடம் வாழ்ந்துவிடுவதில்லை. அந்த எண்ணுக்கு உண்மையான அர்த்தம், நூறு டிஸ்க் ஓடினால் வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்று போகும் என்பதுதான்.

அதுவும் காகிதக் கணக்கு. 2007-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷ்ரோடர், கிப்சன் இருவரும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். விவரத்தாள் சொன்னது அதிகபட்சம் 0.88 சதவீதம். நடைமுறையில் மாற்றப்பட்டது சாதாரணமாக 2 முதல் 4 சதவீதம். சில இடங்களில் 13 வரை. அதே ஆண்டு கூகிள் ஆட்களும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தார்கள். டிஸ்க்குகள் தம் உடம்பைத் தாமே சோதித்துக்கொள்ளும் 'ஸ்மார்ட்' என்ற வசதி உண்டு. பழுதானவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அந்த ஸ்மார்ட்டில் ஒரு தவறும் காட்டாமலே போய்ச் சேர்ந்திருந்தன. முதல் நாள் இரவு வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் மாதிரி.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. நம்பகமான டிஸ்க் என்று ஒன்று கடையில் கிடையாது. நம்பகமான ஏற்பாடுதான் உண்டு. அதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஆலையில் பாய்லருக்குத் தண்ணீர் தரும் பம்ப் ஒன்று ஓடும்; பக்கத்தில் இன்னொன்று ஸ்டாண்ட்பையாக நிற்கும். உலகத்திலேயே உயர்ந்த பம்ப்பாக ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம் என்று எந்த எஞ்சினியரும் சொல்ல மாட்டான். கணக்கைப் பாருங்கள். ஒரு டிஸ்க் ஒரு வருடத்தில் போக வாய்ப்பு 2 சதவீதம் என்று வைப்போம். ஐம்பதில் ஒன்று. அது போனதும் புதிது வாங்கி நகல் எடுக்க ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்குள் இரண்டாவது டிஸ்க்கும் போக வாய்ப்பு 2,600-ல் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 1,30,000-ல் ஒன்று. எவ்வளவு காசு கொட்டினாலும் ஒற்றை டிஸ்க்கில் இந்த எண்ணை வாங்க முடியாது.

ஆனால் இந்தப் பெருக்கல் செல்ல ஒரு நிபந்தனை உண்டு. இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். ஒரே கடையில், ஒரே பேட்ச்சில் வாங்கி, ஒரே கேபினெட்டுக்குள் மாட்டினால், ஒரு இடி போதும், இரண்டும் சேர்ந்து போகும். ஒரு வைரஸ் போதும், இரண்டும் பூட்டிக்கொள்ளும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, தரைத் தளத்தில் ஒரே அலமாரியில் இருந்தவை ஒன்றாகத்தான் நனைந்தன. ரெய்டு என்று இரண்டு டிஸ்க்கை ஜோடியாகக் கட்டுவார்கள். ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் இருக்க அது நல்லது. ஆனால் நீங்கள் தெரியாமல் அழித்த ஃபைலை அது இரண்டிலும் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும். அது நகல் ஆகாது.

புகைப்படக்காரர் பீட்டர் குரோக் இதற்கு ஒரு சுலபமான சூத்திரம் சொன்னார்: 3-2-1. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. வீட்டுக்கு வெளியே என்றால் இன்டர்நெட்டில் கிளவுட் ஆகவும் இருக்கலாம், தங்கை வீட்டு பீரோவாகவும் இருக்கலாம். கிளவுடில் ஒன்று கவனியுங்கள். இங்கே அழித்தால் அங்கேயும் தானாக அழிகிற ஏற்பாடு என்றால், அதையும் நகல் என்று எண்ணாதீர்கள்.

ஸ்டாண்ட்பை பம்ப்பையும் அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும். 'டாய் ஸ்டோரி 2' படம் 1999-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழிந்தன. பேக்கப்பைத் தேடினால் அது சரியாக எழுதப்பட்டிருக்கவே இல்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது. வருடத்தில் இரண்டு முறை, பொங்கலுக்கு ஒன்று, ஆயுத பூஜைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப்பிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப், பிரித்துப் பார்க்காத மாத்திரை டப்பா மாதிரி. உள்ளே இருக்கிறது என்பது நம் நம்பிக்கைதான்.

இப்போது கடைக்குப் போவோம். புது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என் சிபாரிசு இது.

முதலாவது, விண்டோஸோ லினக்ஸோ, அதையும் தினசரி வேலையையும் எஸ்.எஸ்.டி-யில் வையுங்கள். சுற்றுகிற பாகம் இல்லை, வேகம் அதிகம். எழுதி எழுதித் தேய்ந்துவிடாதா என்று பயப்படுகிறார்கள். 1 டி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 600 டி.பி. எழுதலாம் என்று போட்டிருந்தால், தினம் 30 ஜி.பி. எழுதினாலும் 20,000 நாள். ஆனால் அதுவும் ஒரு நாள் சத்தமே இல்லாமல் போகும். போனால் மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கஷ்டம். மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்கவும் அது ஏற்றதல்ல.

இரண்டாவது, படம், வீடியோ சேமிக்க ஹார்ட் டிஸ்க். ஒரே ஒரு 8 டி.பி-க்குப் பதில் இரண்டு 4 டி.பி. ஒன்று உள்ளே, மற்றொன்று யு.எஸ்.பி-யில் நகல் எடுத்ததும் கழற்றி வைக்கிற வெளி டிஸ்க். முடிந்தால் இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும்.

மூன்றாவது, உள்ளே போடுவது சி.எம்.ஆர். வகையா, எஸ்.எம்.ஆர். வகையா என்று கேளுங்கள். எஸ்.எம்.ஆர். என்றால் தடங்களை ஓட்டு வீட்டு ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடுக்குவது. இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்றினால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும். நகல் எடுத்து வைக்க அது போதும். அடிக்கடி மாற்றி எழுத வேண்டாம். பெட்டியில் இதை எப்போதும் போடுவதில்லை. 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசை டிஸ்க் சிலவற்றில் எஸ்.எம்.ஆர். இருப்பதைச் சொல்லாமல் விற்றதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வாரண்டி. சாதாரண வரிசைக்கு 2 வருடம், உயர்ந்த வரிசைக்கு 5 வருடம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லோடு வாங்கி, சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா என்று அன்றைக்கே பாருங்கள். ஆனால் ஞாபகம் இருக்கட்டும்: வாரண்டியில் டிஸ்க்தான் திரும்பி வரும், உள்ளே இருந்த குடும்பம் வராது.

ஐந்தாவது, வீட்டுக்கு வந்ததும் ஸ்மார்ட் கணக்கைப் படியுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசப் புரோகிராம்கள் இருக்கின்றன. புது டிஸ்க் ஓடிய மணி நேரம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஆயிரக்கணக்கான மணி ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கை அழித்துப் புதிது என்று விற்றது வெளியே வந்தது. அதனால் விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், சந்தேகப்படுங்கள். பிறகு டிஸ்க் முழுவதும் ஒரு தடவை எழுதிப் படிக்க விடுங்கள். ஒரு நாள் ஆகட்டும். பாத்டப் கர்வ் போர்டில் வரைந்தது நினைவிருக்கிறதா? ஆரம்பத்தில் சாகிறவை உங்கள் படங்களை ஏற்றும் முன்பே செத்துவிடட்டும், கடைக்காரர் மாற்றித் தருகிற நாளுக்குள். அதன் பின் மாதம் ஒரு முறை, மாற்றப்பட்ட செக்டர், காத்திருக்கும் செக்டர் என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். பூஜ்யம் ஏறத் தொடங்கினால் புது டிஸ்க்குக்குக் காசு எடுத்து வையுங்கள்.

ஆறாவது, ஒரு யு.பி.எஸ். நம் ஊர் கரண்டைப் பற்றி இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அசைக்காதீர்கள். வெளி டிஸ்க்கை மேஜை ஓரத்தில் வைக்காதீர்கள்.

பேசி முடித்ததும் ஃபைனல் இயர் தம்பி ஒருவர் எழுந்து, "அண்ணா, எங்கிட்ட லேப்டாப்ல ஒரே டிஸ்க்தான். இன்னொண்ணு வாங்கக் காசு இல்ல" என்றார். நல்ல கேள்வி. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் புரோகிராமும் எவ்வளவு இருக்கும்? ஒரு பென் டிரைவில் பாதி. ரூம்மேட் லேப்டாப்பில் உங்களுடையதை வையுங்கள், அவருடையதை உங்களுடையதில் வையுங்கள். ஊருக்குப் போகும்போது வீட்டில் ஒரு பிரதி. செலவு பூஜ்யம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2016-ல் எங்கள் வகுப்பு நண்பர்கள் குற்றாலத்தில் கூடினோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹாஸ்டலில் என் பக்கத்து அறைக்காரன், "டேய், உங்கப்பா நம்ம மெஸ் சாம்பாரைப் பத்தி ஜோக் அடிப்பாரே, அந்த வீடியோ இன்னும் எங்கிட்ட இருக்குடா" என்றான். எனக்குக் கை சாதத்திலேயே நின்றுவிட்டது. பட்டமளிப்பு விழா முடிந்த அன்று என் பென் டிரைவிலிருந்து அவன் சும்மா காப்பி செய்துவைத்தது. திருநெல்வேலியில் அவன் வீட்டுப் பீரோவில் ஒரு சி.டி-யில் கிடந்திருக்கிறது. ஊருக்குப் போன மறு நாளே இரண்டு பிரதி எடுத்து அனுப்பினான். என் அம்மா அதை அன்று ஏழு தடவை பார்த்தார்கள்.

3-2-1 சூத்திரத்தில் அந்த 'ஒன்று' எனக்கு இந்தக் கல்லூரி கொடுத்தது. நான் ஏற்பாடு செய்யாமலே கிடைத்தது, அதிர்ஷ்டம். நீங்கள் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம். சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு சிறிய டிஸ்க்கில் உங்கள் வீட்டுப் படங்களைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி எடுத்து வாருங்கள். வேறு ஊரில் இருக்கும் நண்பனிடம் கொடுங்கள். அவனுடையதை வாங்கிப் போங்கள். அதற்கு அடுத்த முறை பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளலாம். டிஸ்க்கும் பத்திரமாக இருக்கும். சந்திப்புக்கு வராமல் இருக்கவும் யாருக்கும் சாக்கு இருக்காது.

 மெஸ்ஸில் சாம்பார் தயார் என்று சொல்கிறார்கள்.